நான் திருத்திய பத்தொன்பது 'ஸ்டாப்'

எண்பதுகளின் கடைசியில் குமணன்சாவடியில் டைப் அடிக்கும் கடை வைத்திருந்தேன். ஒரு மேஜை, ஒரு மெஷின், 'பிழையின்றி டைப் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. அந்த வட்டாரத்தில் என் வேகத்துக்கு ஆள் கிடையாது. மனுவோ வக்கீல் நோட்டீஸோ, எழுதியவர் விட்ட பிழையை நானே திருத்திவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. அதனால் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, ஆறு மாத கர்ப்பம். பூந்தமல்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி ஆங்கிலத்தில் எழுதிய தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிறப்பதற்கு முன் மூளை உருவாவதில் செரட்டோனின் என்ற ரசாயனத்துக்கு என்ன பங்கு என்று எலிகளை வைத்து மூன்று வருடம் ஆராய்ந்திருந்தார். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடித்ததால் ஒவ்வொரு வரியையும் படித்தேன். நாலாவது அத்தியாயத்தில் விரல் தயங்கியது. கருவின் மூளையில் பிரிந்து பிரிந்து பெருகும் செல்களுக்கு, செரட்டோனின் 'ஸ்டாப்' சொல்வதாக எழுதியிருந்தார். நிறுத்தினால் பிள்ளை எப்படி வளரும்? அவசரத்தில் எழுதிவிட்டார் பாவம் என்று நினைத்து, வந்த இடத்திலெல்லாம் 'ஸ்டார்ட்' என்று அடித்தேன். சாயங்காலம் என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாமே, படிச்சவங்களுக்கே பாடம் எடுத்துகினு கீறியா?" என்று சிரித்தார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை மதியம் அந்த மாணவி வந்தார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டியவர், நாலாவது அத்தியாயம் வந்ததும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் 'ஸ்டாப்'னுதானேம்மா எழுதியிருந்தேன்?"

"ஆமா மேடம், தப்பா எழுதியிருந்தீங்க. பத்தொன்பது இடம். ஒண்ணு விடாம திருத்திட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "பெருகிட்டே இருந்தா அது வெறும் செல் குவியல்தாம்மா. பெருகுறது நின்னாத்தான் ஒவ்வொரு செல்லும் அது அது இடத்துல போய் உக்காந்து மூளையா மாறும். அந்த நேரம் வந்தாச்சுன்னு சொல்றதுல செரட்டோனினுக்கும் பங்கு இருக்கு. என் மூணு வருஷ வேலையே அதைக் காட்டுறதுதான்."

என் கை தானாக வயிற்றுக்குப் போனது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கெடுத்தது பன்னிரண்டு பக்கம், ஒவ்வொன்றும் கார்பன் வைத்து ஐந்து பிரதி. வெள்ளை பூசி ஒப்பேற்றினால் ஏற்க மாட்டார்கள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க வந்து படிங்க மேடம், நான் மொத்தமும் திருப்பி அடிச்சுத் தரேன்" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க அடித்தேன். ஒன்பது பக்கம் மளமளவென்று முடிந்தது. பத்தாவது பக்கத்தில், வாக்கியத்தின் நடுவே "ஸ்டாப்" என்றார். அடித்தேன். "ஸ்டாப், ஸ்டாப்!" என்றார். இன்னும் இரண்டு முறை அடித்தேன்.

"ஐயோ, அது உனக்குச் சொன்னேம்மா! காலைப் பாரு!"

குனிந்து பார்த்தால் இரண்டு பாதமும் பன் மாதிரி வீங்கியிருந்தன. தாளிலோ வரிசையாக மூன்று 'ஸ்டாப்'. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பேப்பர் கட்டின் மேல் என் காலைத் தூக்கி வைத்துவிட்டு, முனைக் கடையில் மோர் வாங்கிவந்து கொடுத்தார். மூன்று வருட உழைப்பைக் குழப்பி வைத்தவள் நான். அவர் என் காலைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தையும் திருப்பி அடித்து, இருட்டுவதற்குள் முடித்தோம். திங்கட்கிழமை கொடுத்துவிட்டார். பட்டம் கிடைத்ததும் இனிப்போடு வந்து, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

போர்டை நான் கழற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிழை என்று பட்டால், "இதைத்தான் எழுத நினைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தொடுவேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் வித்தை வயிற்றுக்குள் இருந்தவளுக்கே அப்போது கைவந்திருந்தது. எனக்குத்தான் அதற்கு இருபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.