பெரியம்மா சொன்ன தேதி

எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விளாங்குடிக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். ஆனால் தினமும் காலையில் அதில் முதலில் வந்து விழுவது ‘வரலாற்றில் இன்று’ என்கிற செய்திதான். பணி ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் விடாமல் போடுகிறார். இந்த நாளில் யார் பிறந்தார், யார் இறந்தார், எந்தப் பாலம் திறக்கப்பட்டது, எந்த நாட்டில் ராஜா ஆட்சி முடிந்தது என்று வரிசையாக இருக்கும். தெருவில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதையும் கீழே சேர்த்துவிடுவார். போன வாரம், எங்கோ ஒரு கப்பல் மூழ்கிய அதே நாளில் மூன்றாவது வீட்டுப் பையனும் பிறந்திருந்தான். எல்லாரும் கேக் படம் அனுப்பினார்கள்.

என் தேதியையும் அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். சொல்லக் கூடாது என்றில்லை. அது எனக்குக் கிடைத்த விதம் அப்படி.

சமயநல்லூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பழங்காநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்த முதல் வாரத்திலேயே, மணி தொங்குகிற வேப்பமரத்துக்கு எதிரே, தாழ்வாரச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினார். மேலே ‘இந்த நாள்’ என்று பெயின்ட்டில் எழுதவைத்தார். தினமும் காலையில் ஒரு தாளைப் பார்த்து, அந்தத் தேதியில் உலகத்தில் நடந்ததையெல்லாம் எழுதுவார். பிறந்தவர்கள், இறந்தவர்கள், கண்டுபிடிப்புகள். கடைசி வரியில், அன்றைக்குப் பிறந்த எங்கள் பள்ளிப் பிள்ளையின் பெயர். அந்தப் பிள்ளைதான் அன்று முழுக்க மணி அடிக்கலாம். எங்கள் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடித்தால் ஊர்க்கோடி வரை கேட்கும்.

எனக்கு அப்போதெல்லாம் வகுப்பில் வாய் திறக்கவே பயம். பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். அதனால் அந்தப் பலகை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு வார்த்தை பேசாமலேயே நாலு பேருக்குத் தெரிகிற வழி அது ஒன்றுதான். என் பெயர் அங்கே வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பழைய ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. உடனே ஜூன் மாதத்தில் அவருக்குப் பிடித்த ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். எல்லாருக்கும் அதே தேதிதான். அந்த நாள் வந்தபோது டீச்சர் எங்கள் பெயர்களை எழுத ஆரம்பித்தார். பலகை நிறைந்து, பக்கத்துச் சுவரும் நிறைந்து, சாக்பீஸும் தீர்ந்துவிட்டது.

“ஏம்ப்பா, இந்த ஊர்ல வருசத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளை பெறுவாங்களா?” என்றார்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “எங்க வீட்டு மாடும் அன்னைக்குத்தான் டீச்சர் கன்னு போட்டுச்சு” என்றான்.

அன்று மணி அடிக்க ஒரே தள்ளுமுள்ளு. எனக்குக் கம்பி கிடைக்கவே இல்லை. மறுநாள் டீச்சர், வீட்டில் கேட்டு உண்மையான தேதியைத் தெரிந்துவரச் சொன்னார். ஒருவன் மூன்று தேதி கொண்டுவந்தான். உடனே சட்டம் மாறியது. அந்த நாளில் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் நேரில் வந்து சொன்னால்தான் பெயர் எழுதப்படும்.

அம்மாவிடம் கேட்டேன்.

“ஐப்பசி மாசம்.”

“ஐப்பசில எத்தனாந் தேதி?”

“மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போயி அந்தக் குடத்த எடுத்துட்டு வா.”

அப்பாவிடம் கேட்டால் அம்மாவிடம் கேள் என்றார். சித்தப்பா மட்டும்தான் உட்கார்ந்து பதில் சொன்னார். “ஒன்னைய எங்க தாயி பெத்தோம்? சந்தையில தவுடு குடுத்துல்ல வாங்குனோம். வேணும்னா தவுடு குடுத்த கடையில கேட்டுச் சொல்லட்டுமா?” நான் அழப் பார்த்ததும், “சரி சரி, நல்ல தவுடுதான், கலப்படமில்ல” என்றார்.

கடைசியில் துப்புக் கிடைத்தது எதிர்வீட்டு அத்தையிடம்தான். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“ஒம் பெரியப்பன் போறதுக்கு மொத நாளு பொறந்தவடி நீயி. அது எப்பிடி மறக்கும்?”

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. சுவரில் போட்டோ இருந்தது. வருஷா வருஷம் அவருக்கு அமாவாசையைப் பார்த்துத்தான் சாமி கும்பிடுவோம். வடை, பாயசம் உண்டு. அமாவாசை ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நாளில் வரும் என்பதால், அவர் செத்ததற்கென்று இங்கிலீஷ் தேதி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தோன்றியது. அந்தத் தேதி தெரிந்தால் அதில் ஒன்றைக் கழித்துவிடலாம். கணக்கில் நான் மோசமில்லை.

பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள். பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். நிறுத்தாமல் போன பஸ்ஸை, அடுத்த நாள் நடுரோட்டில் நின்று மறித்து, கண்டக்டரைக் கீழே இறக்கி நியாயம் கேட்டவள். அன்று மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பெரியம்மா, பெரியப்பா என்னைக்குச் செத்தாரு?”

குழவி நின்றது.

“எதுக்குடி?”

“ஒன்னு கழிக்கணும்.”

முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு தேதி, மாதம், வருஷம் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் விதவைப் பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாக நின்று சொல்லிச் சொல்லி, அந்த இங்கிலீஷ் தேதி மட்டும் அவள் வாயில் அப்படியே நின்றுவிட்டிருந்தது. நான் விரலை மடக்கி ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

“கழிக்க வேணாம்.”

“எதுத்த வீட்டு அத்தை மொத நாளுன்னு சொன்னாகளே?”

“அவளுக்கு என்ன தெரியும்? நான் சொன்னதத்தான அவ சொல்லுறா. கழிக்க வேணாம். அன்னைக்கேதான்.”

எனக்கு ஒரு வேலை மிச்சமானது. பெரியம்மா குழவியைத் திரும்பப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். டீச்சரின் பலகையைப் பற்றி விசாரித்தாள். நான் எல்லாம் சொன்னேன்.

“பொறந்தவுகள மட்டுந்தான் எழுதுவாகளா? செத்தவுகளையுமா?”

“செத்தவுகளையும் எழுதுவாக பெரியம்மா. ராஜா, மந்திரி எல்லாத்தையும்.”

“சரி போ. அன்னைக்கு நானே வாரேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மா அழுதது எனக்குக் கேட்டது. “ஏக்கா, இம்புட்டு வருசமா மூடி வச்சத இப்ப எதுக்குக்கா தொறக்கணும்? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாளுகளே.” அதற்குப் பெரியம்மா, “பேசட்டும், எவ பேசுறான்னு நானும் பாக்குறேன். பிள்ளைக்குன்னு ஒரு நாளு வேணும்ல. எம்புட்டு நாளைக்கு அந்த ஹெட்மாஸ்டர் குடுத்த நாள வச்சுக்கிட்டுத் திரிவா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்க வேண்டியிருக்குமே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நான் நினைத்தேன். குறைவாக வாங்கினால் போதும் என்று உள்ளே போய்ச் சொல்லவும் செய்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாதான் முதலில் சிரித்தாள்.

மூடி வைத்தது என்ன என்பதை என் கல்யாணத்துக்கு ஜாதகம் எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். நான் பிறந்தது மதுரைப் பெரியாஸ்பத்திரியில், விடிகாலையில். சேதி ஊருக்குப் போனதும், அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, பெரியப்பா மழையோடு சைக்கிளில் கிளம்பியிருக்கிறார். திண்டுக்கல் ரோட்டில் பின்னால் வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை. மத்தியானம் அவரை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மறுநாள்தான் சொன்னார்களாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பிறப்பும் இறப்பும் ஒரே நாளில் வந்தால், வந்த பிள்ளைமேல்தான் பழி போடுவார்கள். பெரியப்பனை முழுங்கிவிட்டு வந்தது என்று ஒருத்தி சொன்னால் போதும், காலத்துக்கும் அது ஒட்டிக்கொள்ளும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன்வரை அது போகும். எழவு வீட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்த பொம்பளைகள், பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பெரியப்பாவை இன்னும் எடுக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, “பிள்ள மொத நாளே பொறந்துருச்சு. பெரியப்பன் பாத்துட்டுத்தான் போனாரு” என்றாளாம். சொல்லிவிட்டு மறுபடி அழுதாளாம். அதன் பிறகு எங்கள் ஊரில் நான் முதல் நாளே பிறந்தவளாகிவிட்டேன். வீட்டில் யாரும் என் பிறந்தநாளைப் பற்றிப் பேசுவதில்லை. பொய்யான நாளைக் கொண்டாட அம்மாவுக்கு மனசில்லை, உண்மையான நாளைக் கொண்டாட முடியாது.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் அந்த ஐப்பசி நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கும் தூறிக்கொண்டுதான் இருந்தது. பெரியம்மா காலையில் தலைக்குக் குளித்து, போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அமாவாசை இல்லாத நாளில் ஏன் நிற்கிறாள் என்று கேட்க எனக்கு நேரமில்லை. கல்யாணம் காட்சிக்கு மட்டும் உடுத்துகிற சேலையைக் கட்டியிருந்தாள். ஒரு கையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம், இன்னொரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் விறுவிறு என்று நடந்தாள். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று, “என்ன மதினி, காலையிலேயே சிங்காரிச்சு எங்க கெளம்பிட்டீக?” என்றாள்.

“இவளுக்கு இன்னைக்குப் பொறந்தநாளு. பள்ளிக்கூடத்துல எழுதப் போறாக.”

“இன்னைக்கா?” என்று அத்தை வாயைத் திறந்தாள்.

“இன்னைக்குத்தான். கண்ணு வைக்காம ஒரு மிட்டாய் எடுத்துக்க” என்று அவள் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். பெரியம்மாவை எதிர்த்து எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு சீக்கிரம் எதுவும் கேட்டுவிட மாட்டார்கள்.

டீச்சர் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க இவளுக்கு?”

“பெரியம்மா. இவ இன்னைக்குத்தான் பொறந்தா. நான் சொல்லுறேன், எழுதிக்கங்க.”

“நல்லாத் தெரியுமாம்மா? ஏன்னா இங்க நெறையப் பேரு குத்துமதிப்பா...”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தாயி தெரியும்” என்றாள் பெரியம்மா. அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

டீச்சர் தாளை எடுத்துப் பார்த்துப் பலகையில் எழுத ஆரம்பித்தார். பெரியம்மா நனைந்த தாழ்வாரத்தில் நின்று, ஒவ்வொரு வரியும் எழுதி முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரியில் என் பெயர் வந்தது. இன்ஷியலோடு, குண்டு குண்டாக. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீச்சர் இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

“என்ன எழுதியிருக்குன்னு வாசி” என்றாள் பெரியம்மா.

வாசித்தேன். ஒரு நாட்டில் முதல் ரயில் ஓடியது. ஒரு விஞ்ஞானி பிறந்தார். கவிதை எழுதுகிற ஒருவர் பிறந்தார். ஒரு அரசர் இறந்தார். அப்புறம் என் பெயர்.

“அம்புட்டுத்தானா?”

“கீழ என் பேரு இருக்கு பெரியம்மா.”

“அது தெரியுதுடி. செத்தவுக வேற யாரும் இல்லையா?”

“ஒரு ராஜாதான். வேற யாரும் இல்ல.”

அவள் தலையாட்டினாள். பிறகு பலகைக்குப் பக்கத்தில் போய், என் பெயருக்குக் கீழே இருந்த காலி இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் எதுவும் ஒட்டவில்லை.

“இது எம்புட்டு நாளைக்கு இருக்கும்?”

“சாயங்காலம் டீச்சரே அழிச்சுருவாக. நாளைக்கு வேற நாளுல்ல.”

“ஆமா. நாளைக்கு வேற நாளுதான்” என்றாள். மிட்டாய்ப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, எல்லாருக்கும் கொடு, நீ ஒன்றுக்கு மேல் தின்னாதே என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

முதல் மணிக்கு நேரமாகிவிட்டது. நான் வேப்பமரத்துக்கு ஓடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து அடித்தேன். வாசலுக்குப் போய்விட்ட பெரியம்மா நின்று திரும்பி, தாழ்வாரத்துப் பலகைப் பக்கம் வெகுநேரம் பார்த்தாள். நான் மணி அடிக்கிற அழகைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஓங்கி அடித்தேன்.