ஃபிக்ஸிங் போடாத சிவப்பு

எங்கள் மாமா படித்த காலேஜுக்கு ஒரே ஒரு தடவைதான் கூடைப்பந்துக் கோப்பை வந்தது. அந்த வருஷம் அணிக்குத் தலைவர் மாமாதான். தை மாதம் கோப்பை வந்தது. சித்திரையில் மாமா போய்விட்டார். இதைக் கடைசிவரை ஒளித்து வைத்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அதுவும் போக, நான் வாயைத் திறந்தாலே ஆட்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். அப்படியொரு பெயரை ஒன்பது வயதுக்குள்ளேயே சம்பாதித்துவிட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். காங்கேயத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்குத் தேங்காய் எண்ணெய் மில். கொப்பரை காயப்போடும் களத்தில், தூர் பிய்ந்த கூடை ஒன்றைக் கம்பத்தில் கட்டி, அதற்குள் பந்தைப் போட்டுப் போட்டு வளர்ந்தவர். காலேஜுக்கு வசதி என்று எங்கள் ஊட்டில் தங்கிப் படித்தார். எங்கள் ஊட்டில் அவர் தலை இடிக்காத நிலை கிடையாது. நானோ நிலைப்படியில் தடுக்கி விழுகிற உயரம். பந்தை என் கையில் கொடுத்தால், தூக்கியவன் நானா, என்னைத் தூக்கியது பந்தா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

"மருமவனே, நீ ஆட வேண்டாம். நீ கத்து. அதுக்குத்தான் உனக்கு வாய் குடுத்திருக்குது" என்பார் மாமா. அப்படித்தான் நான் அந்த அணியின் வாயானேன்.

அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் ஒரு சின்னச் சாயப்பட்டறை. சாயக்காரர் ஊட்டில் கறைக்கு மரியாதை கிடையாது. அப்பாவின் நகக்கண் ஒரு நாள் நீலமாக இருக்கும், மறுநாள் பச்சையாக இருக்கும். துண்டு, தலையணை உறை, சோப்பு, சோற்றுத் தட்டின் விளிம்பு என்று எதில் எந்த நிறம் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். வேறு ஊட்டில் தலையணையில் சிவப்பாக ஒரு திட்டு இருந்தால் அலறியிருப்பார்கள். எங்கள் ஊட்டில் அம்மா அப்பாவைத்தான் திட்டுவாள்.

அந்த வருஷம் ஆட்டங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்த மாமாவின் வெள்ளைப் பனியன் நெஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. அன்றைக்கு மட்டும் அம்மா பதறினாள், ஏனென்றால் அது காலேஜ் பனியன், பட்டறைப் பக்கமே வராதது.

"முழங்கை பட்டுருச்சுங்கக்கா. மூக்குல லேசா ரத்தம். ஆட்டம்னா இதெல்லாம் இருக்கறதுதான?"

அதற்கப்புறம் ரெண்டு நாள் மாமா கோயமுத்தூர் போய்வந்தார். சிநேகிதனைப் பார்க்க என்றார். வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கேட்டார்: "ஏனுங்க மச்சான், இந்தத் தடவ டீமுக்குச் சட்டை நம்ம போட்டுக் குடுத்தா என்னுங்க? வெள்ளை வேண்டாம். நல்ல செவப்பா."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தான் போட்ட சாயம் கப்பலேறி எந்தெந்த நாட்டுக்கோ போகிறது, கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் உடுத்தி ஓடி அவர் பார்த்ததில்லை. "செவப்புன்னா செவப்பு, மாப்ள. அடுத்த டீமுக்குக் கண்ணு கூசோணும்" என்றார்.

சாயம் போடுவதில் கடைசி வேலை ஒன்று உண்டு. துணியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஃபிக்ஸிங் என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். அதுதான் நிறத்தை நூலோடு கட்டிப்போடும். அது இல்லாவிட்டால் எந்த நிறமும் கொஞ்சம் கசியும். சிவப்போ, முதல் வேர்வையிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

அன்றைக்கு அப்பா, சாயம் போடத் துணி கொடுக்கிற ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போயிருந்தார். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். டையிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இதுக்கு ஃபிக்ஸிங் வேண்டாங்க. அப்படியே எடுத்துருங்க."

"வெளையாடுதியளா தம்பி? வேர்வ பட்டா ஓடிரும்லா. ஓனர் என் தோலை உரிச்சிருவாரு."

"ஓடட்டுமுங்க. எதிர்ல நிக்கறவன் ரத்தம்னு நெனச்சு நடுங்கோணும். நீங்க மட்டும் மச்சான்கிட்டச் சொல்லீராதீங்க."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் துள்ளிக் குதித்தேன். இப்படியொரு தந்திரம் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் ஆட்டத்தில் பாதி போவதற்குள் எங்கள் ஆட்கள் கையிலும் காலிலும் சிவப்புக் கோடு கோடாக வழிந்தது. மறித்து நின்றவனின் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாயிற்று. பந்து இளஞ்சிவப்பாயிற்று. எதிரணிக்காரர்கள் "சாயம் போவுது டோய்!" என்று கத்த, நான் பெஞ்சு மேல் ஏறி நின்று பதில் கொடுத்தேன்: "சாயம் போனாப் போகட்டும், கப்பு எங்களுக்கு ஆகட்டும்!" அடுத்த ஆட்டத்தில் அதைக் காலேஜே கத்தியது. வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே கவிதை அதுதான். அதற்குக் கிடைத்த வரவேற்பு அப்புறம் எனக்கு எதிலும் கிடைக்கவில்லை.

மாமா ஜெயித்துக்கொண்டே போனார், அப்பா தோற்றுக்கொண்டே போனார். டீக்கடையில் பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டார்: "என்னுங்க, உங்க மாப்ள பந்து ஆடறாருங்களா, சாயம் புழியறாருங்களா?" ஒரு பார்ட்டி தன் துணியை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டு போனார். அப்பா அண்ணாச்சியைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்டார். அவர் மாமாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், நான் பொறுக்க மாட்டாமல் அன்று ராத்திரி சோறு உண்ணும்போது போட்டு உடைத்துவிட்டேன்.

"மாமாதானுங்கப்பா ஃபிக்ஸிங் வேண்டாம்னு சொன்னாரு!"

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா என் மண்டையில் நொட்டென்று ஒரு குட்டு வைத்தார். "பொய் சொல்றதுக்கும் ஒரு நாயம் வேணும்டா. எவனாச்சும் தான் போடற சட்டைக்கே ஃபிக்ஸிங் வேண்டாம்பானா?" அம்மா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கோமாளி நிஜம் சொன்னால் அதுவும் கோமாளித்தனத்தில்தான் வரவாகும்.

ஆட்டம் ஏற ஏற மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "கெழவனாட்டம் நிக்கறியே!" என்று பி.டி. சார் கத்துவார். பகலில் படுத்தால் எழுந்திருக்க மாட்டார். ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். தொடையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. பந்தாட்டக்காரன் காலில் அடிபடாமலா இருக்கும்? தோளை உயர்த்தி அதில் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் பழக்கமும் வந்திருந்தது, எருமை ஈ ஓட்டுகிற மாதிரி. நான் அதை ஊட்டில் நடித்துக் காட்டுவேன். அதிகமாகச் சிரிப்பவர் மாமாதான். ஒரு நாள் அம்மா, "ஒடம்பு எளச்சுட்டயே சாமி, ஒரு நட டாக்டரப் பாத்துட்டு வந்தரலாம் வா" என்றபோது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது:

"கப்பு வரட்டுமுங்கக்கா. அப்பறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றனுங்க."

இறுதி ஆட்டம் கோயமுத்தூரில், விளக்கு போட்ட மைதானம். எதிரணி வருஷா வருஷம் ஜெயிக்கிற அணி. நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அப்பா வரமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, யார் கண்ணிலும் படாமல் மேல் வரிசையில் உட்கார்ந்தார்.

மூன்றாவது கால் பகுதி. புள்ளிகள் ஒட்டி ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. மாமா தோளில் மூக்கைத் துடைத்தார். ரெஃப்ரீ விசில் ஊதினார். மாமாவின் முகத்தைக் காட்டி ஏதோ கேட்டார். ஆட்டக்காரன் மேல் ரத்தம் இருந்தால் அவன் வெளியே போயாக வேண்டும்; ரத்தம் நின்று, சட்டையை மாற்றிக்கொண்டுதான் திரும்ப வரலாம். அது விதி. நிற்கவில்லை என்றால் வர முடியாது. மாமா அசையாமல் நின்றார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரத்தம் சார் அது! வெளிய அனுப்புங்க!" என்று எதிரணிக் கோச் குதித்தார்.

அப்போது மேல் வரிசையிலிருந்து அப்பா இறங்கி வந்தார். நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற மனிதர். நேராக மைதானத்துக்குள் போனார்.

"இல்லீங்க சார். அது சாயமுங்க. நம்ம பட்டறையில போட்டதுதானுங்க."

"மூக்குலயுமா சாயம்?"

"தோள்ல தொடச்சா மூக்குல ஒட்டத்தானுங்களே செய்யும்."

சொல்லிக்கொண்டே தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, மாமாவின் சட்டை நுனியை அதில் வைத்து, துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். துண்டு சிவந்தது. அதை விரித்து ரெஃப்ரீக்குக் காட்டினார். அப்புறம் கூட்டத்துக்கும் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீக்கடைக்குப் பயந்து ஒளிந்து திரிந்த மனுஷன், தன் தொழிலைத் தானே சந்தி சிரிக்க வைத்துவிட்டு, பெருமையாக நின்றார்.

ரெஃப்ரீயும் சிரித்துவிட்டார். ஆடலாம் என்று கை காட்டினார். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான்..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

"போ மாப்ள. போய் ஆடு."

நான் விடுவேனா? பெஞ்சு மேல் ஏறி ஆரம்பித்தேன். "சாயம் போனாப் போகட்டும்!" மைதானமே எடுத்துக்கொண்டது. கோப்பையைத் தீர்மானித்த அந்தக் கடைசிக் கூடையை நான் பார்க்கவில்லை; ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாமா கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் அவர் மேல் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். எழுந்தவர்கள் எல்லோர் முகத்திலும் சிவப்பு. மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோள்மேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நான் கைதட்டினேன்.

கப்பு வந்துவிட்டது. மாமாவும் சொன்ன வாக்குப்படி, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைப் பார்த்து, "அப்பவே வந்து படுக்கச் சொன்னமேம்மா, ஊட்ல யாருக்கும் சொல்லலையா?" என்றாராம். மாமா சிநேகிதனைப் பார்க்கப் போன அந்த ரெண்டு நாளில் பார்த்தது இவரைத்தான். ரத்தத்தில் புற்று. உடனே சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அப்பா கேட்டதற்கு, "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ரெண்டு சொல் எங்கள் ஊட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, ஒரு நாள் அம்மா மாமாவின் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். இறுதி ஆட்டத்தில் உடுத்தியது, துவைக்காமலே சுருட்டிக் கிடந்தது. ஊற வைத்தாள். தண்ணீர் சிவந்தது. கொட்டினாள். மறுபடி ஊற வைத்தாள், மறுபடி சிவந்தது. யாரோடும் பேசாமல் அலசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தண்ணீர் தெளிந்தது. சட்டை வெளிறிப்போய், ரோஜாப்பூ வாடின நிறத்துக்கு வந்திருந்தது. வலது தோளிலும் நெஞ்சிலும் மட்டும் பழுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றது. எவ்வளவு கும்மியும் அது போகவில்லை.

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, இதென்னன்னு பாருங்க."

அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். எது சாயம், எது சாயம் இல்லை என்று சொல்வதுதானே அவர் பிழைப்பு. வெகு நேரம் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அன்னைக்குச் சோறு உங்கறப்ப ஒண்ணு சொன்னியே. மாமன் ஃபிக்ஸிங் வேண்டாம்னான்னு."

"ஆமாங்கப்பா. நெசமாத்தானுங்க சொன்னேன்."

அப்பா ஈரக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தார். சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதரின் தோள் குலுங்கியது.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கடைசியில் என்னை ஒருத்தர் நம்பிவிட்டார். அப்பாவின் தொழில்மேல் விழுந்த பழியும் போயிற்று. இவ்வளவு நல்ல சேதி கிடைத்த நேரத்தில் இவர் ஏன் அழுகிறார் என்றுதான் விளங்கவில்லை. பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவினேன்.

"அழுவாதீங்கப்பா. அண்ணாச்சிக்கும் தெரியுமுங்க. டீக்கடையில போயி எல்லார்த்துகிட்டயும் சொல்லிரலாமுங்க, நம்ம மேல தப்பே இல்லீன்னு."