ஏதோ ஒரு மீன்

கெட்டரிங்கில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்பக்க ஹாலில் ஆங்கில எழுத்துக் கட்டைகளைக் கோத்துச் சொல் வைக்கிற ஸ்க்ராபிள் ஆட எட்டு மேசை போடுவோம். நான் கிளப்பின் செயலாளர். பெயர்தான் பெரிது. டீ போடுவது, நாற்காலி அடுக்குவது, எதிராளி வைத்த சொல்லை யாராவது ஆட்சேபித்தால் பட்டியலைப் புரட்டி ‘செல்லும்’ அல்லது ‘செல்லாது’ என்று சொல்வது, இவ்வளவுதான் வேலை. அந்தப் பட்டியலில் சொற்கள் மட்டுமே இருக்கும், அர்த்தம் இருக்காது. ஆட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

ரெஜ் ஸ்கட்டர் அங்கே முதலில் வந்தது 1981இல். ஷூ பாக்டரியில் தோல் வெட்டுகிறவன், பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எங்கள் கிளப்பிலோ பாதிப் பேர் வாத்தியார்கள். முதல் ஆட்டமே கில்பியோடு அமைந்தது. கில்பி லத்தீன் வாத்தியார். தன்னைத் தவிர மற்றவர்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரிவதே அதிசயம் என்று நினைக்கிற மனிதர். ரெஜ் ‘ஸாக்ஸ்’ என்று ஒரு சொல் வைத்தான். கில்பி ஆட்சேபித்தார். நான் பார்த்துவிட்டுச் செல்லும் என்றேன்.

கில்பி அதோடு விடவில்லை. “செல்லுதுன்னா சரி. என்ன அர்த்தம்னு ஐயா சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்” என்றார், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி.

ரெஜின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கூரைப் பலகைக்கல் செதுக்குகிற கருவி அது. அவனுக்குத் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. எனக்குப் பாவமாக இருந்தது. “ஏதோ ஒரு மீன், கில்பி. டீ ஆறுது, குடிங்க” என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. ரெஜும் சிரித்தான். அவன் மறுவாரமும் வந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் கிளப்பில் எல்லாச் சொல்லும் மீன்தான். ‘யெக்ஸ்’ என்றால் உண்மையில் விக்கல், ‘ஸோ’ என்றால் மலைநாட்டுக் கலப்பின மாடு. யார் கேட்டாலும் ஏதோ ஒரு மீன் என்போம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் கொஞ்சம் கூட்டிச் சேர்த்து, ஸ்காட்லாந்து மீன், வறுத்தால் நன்றாக இருக்கும் என்றெல்லாம் அளப்போம். முகத்தில் சிரிப்பே இல்லாமல் அளப்பதில் ரெஜை மிஞ்ச ஆளில்லை.

பட்டியலை அவன் மனப்பாடம் செய்த விதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஷூ பெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக ஏழெழுத்துச் சொற்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பான். அர்த்தம் படிக்கிற நேரத்தில் இன்னும் இருபது சொல் படித்துவிடலாம் என்பான். மூன்றே வருடத்தில் வாத்தியார்கள் எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தான். அவன் மனைவி மேவிஸ் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரி. ஆட்டம் ஆடத் தெரியாது. ஆனால் கசாப்புக் கடை வரிசையில் நின்றுகொண்டு, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது என்று ஊருக்கே சொல்வாள்.

1993 ஏப்ரலில் மேவிஸுக்குப் பாவாடைக் கொக்கி மாட்ட முடியாமல் வயிறு உப்பியது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சீக்கிரம் நேரம் வாங்கிக் காட்டச் சொல்லி ஒட்டிய உறையில் ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் கடிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிக்காத பெண் யாரும் இல்லை. அவளும் பிரித்தாள். உள்ளே இரண்டு வரி. ஒரே ஒரு சொல்தான் அவளுக்குப் புரியவில்லை. ‘அசைட்டீஸ்’. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ரெஜ் சமையலறையில் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தான். ஐந்து வாரத்தில் மாவட்டக் கோப்பை. அவள் கடிதத்தை நீட்டினாள்.

“நல்ல சொல்லாச்சே இது. லெஸ்டர் போட்டியில இதை வச்சு எழுபத்தேழு பாயிண்ட் எடுத்தேன்” என்றான்.

“அது கிடக்கட்டும் ரெஜ். என்ன அர்த்தம்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நூலகம் நாலு தெரு தள்ளி இருந்தது. ஆனால் கில்பி முன்னால் சிவந்த அந்தக் காது பெண்டாட்டி முன்னாலும் சிவக்க அவன் விடவில்லை. பழகிய வாய் பழகியபடி பேசிவிட்டது.

“வயித்துல காத்து சேர்றது. பழைய வார்த்தை, டாக்டருங்க இப்படித்தான் பெரிசா எழுதுவாங்க. நாலு நாள் முட்டைக்கோஸைத் தொடாம இரு.”

மேவிஸ் சிரித்தாளாம். வெறும் காற்றுக்காக எதற்கு ஆஸ்பத்திரியில் போய் உட்கார வேண்டும், உன் கோப்பை முடியட்டும் என்று கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் சொருகினாள். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. ரெஜ் கோப்பையை ஜெயித்தான். மறுநாள் காலை அவளால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

அந்தச் சொல்லுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது என்று அர்த்தம். மகோதரம். சினைப்பையில் புற்று முற்றியதால் வந்த நீர். ஆகஸ்டில் அவளை அடக்கம் செய்தோம். ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ரெஜ் கேட்டானாம். சொல்ல முடியாது என்றாராம் பெரிய டாக்டர். பிழைத்திருக்க மாட்டாள் என்றாவது அவர் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இதையெல்லாம் ரெஜ் என்னிடம் சொன்னது அடக்கம் முடிந்து, அதே ஹாலில் நான் ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தபோது. எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தட்டை அவன் மூஞ்சியில் வீசத் தோன்றியது. வீசுகிற யோக்கியதை எனக்கு ஏது?

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் திரும்ப வந்தான். எதிரே கில்பி. பாதி ஆட்டத்தில் கில்பி கையிலிருந்த ஏழு எழுத்தையும் இறக்கினார். அசைட்டீஸ். ரெஜ் பலகையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். ஆட்சேபணை. அவனைவிட நன்றாக அந்தச் சொல்லை அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. இருந்தும் நான் பட்டியலைப் புரட்டினேன். செல்லும் என்றேன்.

“அர்த்தம்?” என்றான் ரெஜ்.

கில்பிக்குக் கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மனைவியை இழந்தவனைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தார். லத்தீன் படித்த அந்த மனிதருக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தே இருக்கும். கிளப் வழக்கத்தைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

“ஏதோ ஒரு மீன், ரெஜ்” என்றார்.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ரெஜ் சிரிக்கவில்லை. கில்பியை அவன் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து, கில்பிக்கு அறுபத்தெட்டு என்று எழுதினேன்.