கொடி வந்த பிறகு

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தரைக்கு ஷிப்ட் விடும். பெண்கள் வெளியே வந்து பத்தே நிமிடத்தில் கம்பெனி பஸ்களில் ஏறிப் போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பெரிய கட்சியின் வேட்பாளர் திறந்த ஜீப்பில் மைக்கோடு நிற்கிறார்.

ஆனால் பேச முடியாது. கூட்டணியில் இருக்கும் சின்னக் கட்சியின் நகரச் செயலாளர் ஜீப்பை மறித்து நிற்கிறார்.

"எங்க கொடி எங்கப்பா? கட்டிட்டு அப்புறம் மைக்க தொடுங்க."

கொடி எடுக்க வாணியம்பாடிக்கு பைக் பறந்திருக்கிறது.

"இவங்க கட்சியில எத்தனை பேர் பாய்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்கிறேன்.

"ஊர்ல மூணு பேரு சார். அதுல ஒருத்தரு துபாய்ல."

"இதுக்கா இவ்வளவு பயம்?"

"போன வாட்டி ஜீப்ல நிக்கிறவரு தோத்தது ரொம்பக் கம்மி ஓட்டுல சார். அந்தக் கம்மி இவங்க கைல இருக்குது."

கூட்டணி ஆட்சியைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகங்கள் படித்தவன் நான். இன்னொரு டீ சொல்கிறேன்.

ஷிப்ட் விடுகிறது. வேட்பாளர் பேசாமல் கும்பிடுகிறார். "இன்னாடி, இவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றபடி ஒரு பெண் பஸ் ஏறுகிறாள்.

கடைசி பஸ்ஸும் போன பிறகு பைக் வருகிறது. கொடி ஏறுகிறது. செயலாளர் திருப்தியாகத் தலையசைக்கிறார். வேட்பாளர் மைக்கைத் தொடுகிறார்.

"கடலெனத் திரண்டிருக்கும் தாய்மார்களே!"

தாய்மார்களாக நானும் பாயும் நிற்கிறோம். எனக்கு ஓட்டு காஞ்சிபுரத்தில் என்று சொல்ல மனம் வராமல் கை தட்டுகிறேன்.