கட்டை அண்ணனின் காது

எங்கள் கடையில் கார்களுக்கு சவுண்ட் சிஸ்டம் பூட்டுகிறவரைக் கட்டை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆளும் கட்டை, அவர் பூட்டுகிற பெட்டியின் குரலும் கட்டை. இதில் எதனால் அந்தப் பெயர் வந்தது என்று அவருக்கே தெரியாது. கடை அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. நான் அதே கடையின் பின்பக்கம் மெஷின் போட்டு சீட் கவர் தைக்கிறவன். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் அவர் சப்வூஃபரை, அதான் அந்தக் கட்டைக் குரல் பெட்டியை, ஓடவிட்டால், இந்தப் பக்கம் என் ஊசி டப்பா தானாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிடும். பதினாறு வருஷமாக அதைத் திரும்ப உள்ளே தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் அவருக்குப் பாம்புச் செவி. கார் உள்ளே நுழையும்போதே, "பின்னாடி இடது கதவுல ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் கிழிந்திருக்கும். அப்படிப்பட்டவர், மேசைமேல் அடிக்கிற போனை எடுக்காமல் பக்கத்திலேயே நின்று வயர் சீவிக்கொண்டிருந்ததை நான் முதலில் பார்த்தது இரண்டு வருஷம் முன்னால். கோபத்தில் எடுக்கவில்லை போல என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் மச்சான், "மாப்ள, டேப் எடு" என்றதற்கு நேராக வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் டீயை மச்சானிடம் கொடுத்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொரு முகமாகத் தேடியதைத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எந்தக் காருக்கு வேலை முடித்தாலும் என்னைக் கூப்பிடுவார். "டெய்லரே, வந்து கேளுங்க. எப்படி இருக்கு?" கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நான் "சூப்பர்" என்றால் அவர் முகம் தெளியும். அது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை, என் காதைக் கடன் கேட்கிற கேள்வி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு பேரும் காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்கடை மேடம் வந்தார். பார்வை சோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கடைகளுக்கும் தினம் மாறி மாறிப் பழைய சின்ன காரில் போய் வருகிறவர்.

"பாட்டு தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குண்ணா. ரெண்டு மணி நேரம் ஓட்டுறேன். எனக்குக் கொஞ்சம் நல்லா கேக்கணும்," என்றார். அலமாரியில் இருந்ததிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். அட்டையில் இரண்டாயிரம் வாட்ஸ் என்று தீப்பிடித்த எழுத்தில் போட்டிருந்தது. "இது குடுங்க."

மச்சான் ஏற்கெனவே அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். கட்டை அண்ணன்தான் வாங்கித் திரும்ப வைத்தார்.

"மேடம், அட்டையில இருக்கிறது கல்யாணப் பொண்ணு போட்டோ. தினமும் வீட்டுல எப்படி இருக்கும்னு பாக்கணும்ல? விடாம ஓடுனா எத்தனை வாட்ஸ் குடுக்கும்னு உள்ள புத்தகத்துல சின்ன எழுத்துல இருக்கும். அதுதான் கணக்கு. அதுவும் போக, உங்க வண்டி பேட்டரிக்கு இது தாங்காது. பாட்டு அடிக்க அடிக்க ஹெட்லைட் கண்ணடிக்கும்."

மேடத்துக்குக் கட்டை அண்ணன் தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன நாலு சேனல் ஆம்ப். இரண்டு சேனலைக் கதவு ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு பத்து இன்ச் சப்வூஃபருக்குக் கொடுக்கலாம். சப்வூஃபர் நாலு ஓம்ஸுக்குக் கீழே இருக்கக் கூடாது, இருந்தால் ஆம்ப் சூடாகிச் செத்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மேடம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே அவர் முகத்தை வேறு எதற்கோ உற்றுப் பார்த்தார். அது எனக்கு அப்போது புரியவில்லை.

அன்றைக்கு வேலை நெருக்கடி. வெளியே மூன்று கார்கள் காத்திருந்தன. மச்சான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து வாசலில் நின்றார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃப்யூஸ் போட்டு, பவர் வயரை இடது பக்கக் கால்மிதிக்கு அடியிலும், பாட்டு வருகிற வயரை வலது பக்கத்திலும் கட்டை அண்ணன் இழுத்தார். எர்த் வயரை மட்டும் சீட்டுக்குக் கீழே இருந்த போல்ட்டிலேயே இறுக்கிவிட்டார். வழக்கமாக அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டிவிட்டுத்தான் எர்த் கொடுப்பார். அன்று சுரண்டவில்லை.

"டெய்லரே, வாங்க. எப்படி இருக்கு?"

போய்க் கேட்டேன். பேஸ், அந்த அடிச்சத்தம், அருமையாக இறங்கியிருந்தது. ஆனால் மேலே மெல்லிசாக ஒரு ஊளை. கொசு காதுக்கிட்ட வந்த மாதிரி. சொல்லியிருக்கலாம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மச்சான் அடுத்த காரின் சாவியோடு பின்னால் நின்றார். நான் "சூப்பர்" என்றேன்.

மூன்றாம் நாள் மேடம் திரும்பி வந்தார். இஞ்சினை அணைக்காமலே கதவைத் திறந்து விட்டார்.

"ஆக்ஸிலேட்டர் மிதிச்சா கூடவே கத்துதுண்ணா. பாருங்க." மிதித்தார். இஞ்சின் ஏற ஏற ஊளையும் கூடவே ஏறியது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கட்டை அண்ணன் காருக்குள் தலையை விட்டார். கதவில் கை வைத்தார். ஸ்பீக்கர் மேல் வைத்தார். நிமிர்ந்து, "ஒண்ணும் இல்லையே மேடம். வண்டி பழசு, இஞ்சின் சத்தமா இருக்கும்," என்றார்.

"எனக்கே காது குத்துறீங்களா?" என்று மேடம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் நூறு பேரை ஒரு கண்ணை மூடச் சொல்லி எழுத்து வாசிக்க வைக்கிறவர் அவர். அந்தப் பழக்கத்திலோ என்னவோ, உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

கட்டை அண்ணன் அசையாமல் நின்றார்.

மேடம் கையை இறக்கினார். "அன்னைக்கே நினைச்சேன். நீங்க என் கண்ணைப் பாக்கவே இல்ல, வாயைத்தான் பாத்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, காதைக் காட்டிடுங்க."

மேடம் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார், பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை அண்ணனுக்கு முகம் சிவந்து விட்டது. "என் காதுக்கு ஒரு குறையும் இல்ல!" என்று கத்தினார். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாப்ள," என்றார் மச்சான். "எனக்குக் கேக்குது. ரோட்டுல போறவனுக்கும் கேக்குது."

கட்டை அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டெய்லரே, அன்னைக்குக் கேட்டீங்களே. இருந்துச்சா?"

நான் இடுப்பில் கட்டியிருந்த அளவு டேப்பைச் சுற்றிக்கொண்டே, "இருந்துச்சுண்ணே" என்றேன்.

அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினார். சீட்டைக் கழற்றினார், போல்ட்டைக் கழற்றினார், உட்கார்ந்து பெயின்ட்டைச் சுரண்டினார். வேண்டிய அளவுக்கு மேலேயே சுரண்டினார். எர்த்தை இறுக்கிவிட்டு இஞ்சினைப் போடச் சொல்லி, என்னைப் பார்க்காமல், "போயிடுச்சா?" என்றார். "போயிடுச்சுண்ணே." அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஒரு மாசம் அவர் என்னிடம் பேசவே இல்லை.

அவர் மனைவி வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்களாம். நிறைய நேரம் எந்தச் சத்தமும் வரவில்லையே என்று அவர் சும்மா உட்கார்ந்திருக்க, வெளியே நின்ற மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்ததாம். அடிச்சத்தம் எல்லாம் பரவாயில்லை, மேல்சத்தம்தான் போய்விட்டது, போனது போனதுதான் என்றார் டாக்டர். "இருபத்திரண்டு வருஷம் சத்தத்துக்குள்ளயே இருந்திருக்கீங்க. இனிமே அந்தப் பக்கம் போனா மிச்சமும் போயிடும்." காது மெஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

மச்சான் கெட்டவர் இல்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை. புது ஆள் ஒருவரை ஆம்ப் வேலைக்குப் போட்டுவிட்டு, "மாப்ள, நீ டெய்லருக்கு சீட் கழட்டிக் குடு. அதுவும் வேலைதானே" என்றார். "வேலைதான் மச்சான்" என்று இவரும் சொன்னார். அப்படித்தான் அவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். அந்தப் பக்கம் சப்வூஃபர் ஓடினால் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார். புது ஆள் இரண்டாயிரம் வாட்ஸ் பெட்டியைத் தாராளமாக விற்றார். என் ஊசி டப்பா முன்னைவிட வேகமாக நகர்ந்தது.

கோபம் மெல்லக் கரைந்து அவர் என்னோடு பேச ஆரம்பித்த பிறகுதான் மகள் விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள், பதிமூன்று வயது. சாயங்காலம் அவர் மறுநாளுக்கான துணிகளை இஸ்திரி போடுவார். பின்னால் கட்டிலில் அவள் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். சின்னக் குரல். இவருக்கு அது முணுமுணுப்பாகக்கூட விழாது. அவள் இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அவ்வப்போது "ம்" என்பார். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

"மெஷின் மாட்டி நாலாவது நாள் டெய்லரே. வழக்கம்போல சட்டை தேச்சுக்கிட்டு இருக்கேன். பின்னாடி ஒரு குரல். எவ்வளவு தெளிவாக் கேக்குது தெரியுமா? 'இன்னைக்கும் அவங்க மூணு பேரும் என் பக்கத்துல உக்காரலப்பா. மாடிப்படிக்குக் கீழ போயி உக்காந்துதான் சாப்பிட்டேன்'னு சொல்றா. 'இன்னைக்கும்'னு சொல்றா. அப்ப எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்திருக்கா? நான் எத்தனை நாளா 'ம்' போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "எத்தனை நாளா பாப்பா?"

அவள் முகம் வெளிறிவிட்டதாம். அவர் காதைப் பார்த்தாளாம். "போட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்குக் கேட்காது என்பதால்தான் அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவர் மனைவியிடம் சொன்னார். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் பேசினார். டீச்சர் வகுப்பு நடுவில் அந்த மூன்று பேரையும் எழுப்பி நிற்கவைத்துத் திட்டினார். அதோடு வகுப்பில் மிச்சமிருந்தவர்களும் இவள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். மகள் வீட்டுக்கு வந்து, "உங்களுக்குக் கேக்கணும்னா சொன்னேன்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அதன்பிறகு இஸ்திரி போடும்போது கட்டில் காலியாகத்தான் இருந்தது. இவர் கூப்பிட்டுப் பார்த்தார், கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார், பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லப்பா" என்ற ஒரே பதில்தான்.

இதையெல்லாம் ஒரு சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி முடிக்கும்வரை சொன்னார். நான் தையலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

போன வாரம் காலையில் வந்ததும், "நேத்து வந்து உக்காந்தா டெய்லரே" என்றார்.

"பேசுனாளாண்ணே?"

"பேசுனா. நான் மெஷினைக் கழட்டி, அவ கண்ணுல படுற மாதிரி மேசை மேல வச்சிருந்தேன். கொஞ்ச நேரம் வாசல்ல நின்னு பாத்தா. அப்புறம் வந்து உக்காந்தா. முக்கால் மணி நேரம் பேசிருப்பா."

"என்ன சொன்னா?"

அவர் போல்ட்டுகளை ஒரு மூடியில் போட்டு எண்ணிப் பார்த்தார். நாலும் சரியாக இருந்தன.

"தெரியல," என்றார். "நான் 'ம்' சொல்லிக்கிட்டே இருந்தேன்."