காதர் பாய் அடுக்கிய கடைசி லோடு

காதர் பாய் இன்று காலை இறந்துவிட்டார். அரக்கோணத்தில், அவர் வீட்டிலேயே. நெஞ்சுவலி.

பன்னிரண்டு வருடமாக என் சூளையைப் பார்த்துக்கொண்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விசைத்தறியில் நூல் உரசி ஓடுமே, சின்ன வெள்ளைப் பீங்கான் வளையம்... திருத்தணியில் என்னிடம் வாங்கியிருந்தால் அது அவர் சுட்டது.

நான் நூல் கடையில் சம்பளத்துக்கு நின்று மேலே வந்தவன். விற்கத் தெரியும். களிமண்ணும் அலுமினாப் பொடியும் நெருப்பில் எப்படிக் கல்லாகிறது என்று தெரியாது.

அவர் சுட்டு எடுத்த முதல் லோடை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே போனதைவிட எல்லாமே சின்னது. சரக்கை மாற்றிவிட்டீர்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டே விட்டேன்.

"உள்ள இருக்கிற சந்து பொந்தெல்லாம் மூடிக்கினாத்தான் நைனா அது கெட்டியாவும். சுருங்காம வந்திருந்தா நீ கேளு" என்றார்.

ஒரு வளையத்தை நாக்கில் வைக்கச் சொன்னார். ஒட்டவில்லை, அப்படியென்றால் வளையம் வெந்துவிட்டது. வேகாத ஒன்றைக் கொடுத்தார், நாக்கைப் பிடித்துக்கொண்டது. நான் அதோடு போராடியதைப் பார்த்து அப்படிச் சிரித்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு ஆட்கள் எல்லோரும் காவடியோடு மலைக்குப் போய்விடுவார்கள். எரிகிற சூளையை நடுவில் நிறுத்த முடியாது. ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டில் சொல்லாததை எல்லாம் அன்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆங், ஆங் என்பார், அவ்வளவுதான்... அது போதும் எனக்கு.

போன வருடம் ஆர்டர் அவசரம். அவர் இல்லாத நேரம் பார்த்துச் சூடு ஆறுவதற்கு முன்பே கதவைத் திறந்தேன். ஒன்று விடாமல் விரிசல்.

"இம்மாம் அவசரம்னா இட்லிக் கடை வெச்சிருக்கலாமே நைனா."

அதோடு துண்டை எடுத்துக்கொண்டு போனவர் எட்டு நாள் வரவில்லை. யாரிடமும் இறங்கிப் போகாத நான் அவர் வீட்டுக்குப் போனேன். பேசினோம். மறுநாள் வந்தார்.

மதியம் அடக்கம் முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று அவர் அணைத்துவிட்டுப் போன சூளை இன்னும் அனலடிக்கிறது. எப்போது திறப்பது என்று ஆட்கள் கேட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

போய் வாங்க பாய்.

போன வருடம் அவர் வீட்டு வாசலில் பேசி முடித்தது இதுதான். மூன்று நாள் முழுசாக ஆற வேண்டும். கதவில் நான் கை வைக்கக் கூடாது. அவர் வந்துதான் திறப்பார்.