இந்தியர்கள் கேன்சலில் போன பாடம்

குவைத்தில், மங்காஃபில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ‘கேன்சல்’ என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். விசாவை ரத்து செய்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்புவதற்கு அதுதான் பெயர். லீவில் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவார். கேன்சலில் போகிறவர் லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

என் கணவர் வேலை பார்த்த இடத்தில் காண்ட்ராக்ட் முடியப்போகிறது என்று தெரிந்ததும், நாங்களும் அந்தச் சொல்லைக் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தோம். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, ரிலீஸ் தர வேண்டும். தந்தால் இருக்கலாம். தராவிட்டால் வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கலாஸ்.

“பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா?” என்றார். நாகர்கோவிலை விட்டு எத்தனை வருஷமானாலும் பயம் வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும்.

மகள் குவைத்திலேயே பிறந்தவள். ஃபீஸைக் கம்பெனி கட்டுகிறதே என்று அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்திருந்தோம். தாமிரபரணி எங்கே ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பாள். மிசிசிப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். அந்த மாதம் அவளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முற்பாதியின் அமெரிக்கா பாடம். சனங்கள் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு நிலம் தேடி மேற்கே மேற்கே என்று போகிறார்கள். அதே காலத்தில் இன்னொரு கூட்டம் அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும், குடியை ஒழிக்க வேண்டும், பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறது. குடி ஒழிப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுவே கிடையாத நாட்டில் எங்கள் மேல்மாடிக்காரர் எதற்காகப் பெட்டி பெட்டியாகத் திராட்சை ஜூஸ் வாங்குகிறார் என்று கட்டடத்துக்கே தெரியும்.

பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து, பள்ளி வாசலில் அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அமெரிக்கப் பெண், நல்ல மாதிரி. மேற்கே குடியேற்றம் நடந்தபோது அங்கிருந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு, ‘அரசாங்கம் இந்தியர்களைக் கேன்சலில் அனுப்பிவிட்டது’ என்று இவள் எழுதியிருக்கிறாளாம். நான் படித்த காலத்தில் அவர்களைச் செவ்விந்தியர் என்போம். இவள் புத்தகத்தில் வெறும் இண்டியன்ஸ். பாடத்தின் தலைப்பே ‘இண்டியன் ரிமூவல்’.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அவங்களும் நாமளும் ஒண்ணுன்னு நினைச்சியாக்கும்?”

“வேற இண்டியன்ஸ்னு தெரியும்மா. ஆனா அனுப்புறதுக்கு அதானே வேர்டு? அப்பா பாத்ரூம்ல சொல்ற வேர்டு.”

குழாயைத் திறந்துவிட்டும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் விடவில்லை. “நிறைய குட் பீப்பிள் வேண்டாம்னு சொன்னாங்கம்மா. லேடீஸ்லாம் பெட்டிஷன் போட்டாங்க. அப்புறமும் ஏன் அனுப்பினாங்க?”

“நிலம் வேணும்னா அனுப்பத்தான் செய்வாங்க. போ, போய்க் கை கழுவு.”

ரிலீஸ் வரவில்லை. மேனேஜர் தங்கமான மனுஷன். எங்களுக்காகக் கஃபீலிடம் இரண்டு தடவை போய் நின்றார். ‘மாஃபி’, அதாவது ‘கிடையாது’ என்ற ஒரே பதிலோடு திரும்பிவந்து, எங்கள் சோபாவில் உட்கார்ந்து கண்கலங்கினார். அந்த நல்ல மனிதர் மேல் எனக்கு வந்த எரிச்சல் கஃபீல் மேல்கூட வரவில்லை. கெட்டவனையாவது மனசாரத் திட்டலாம். இவருக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் எங்களை அந்த மக்களோடு சேர்த்துப் பேசவே கூடாது. அவர்கள் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள், குளிரிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள். நாங்கள் பிழைக்கப் போனவர்கள், கையில் விமான டிக்கெட் வைத்திருந்தவர்கள். பெட்டி கட்டிய அன்று மகள் காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்ததால், இதையே அவளிடம் கொஞ்சம் கோபமாகச் சொன்னேன்.

“அது அவங்க ஊரு. இது நம்ம ஊர் இல்ல. நாம திரும்பிப் போறோம், அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு இவ்வளவு அழுகை?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீயும் அப்பாவும் திரும்பிப் போறீங்க. நான் எங்கம்மா திரும்புறேன்? நான் போறேன்.”

என் கணவர் பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி, அவள் பிறந்த ஆஸ்பத்திரி தெரிந்துகொண்டிருந்தது.